பொது டிரைவ்

ஒரு கம்ப்யூட்டருக்குள் எத்தனை டிரைவ் வைப்பது என்ற கேள்வியில் ஹுஸ்னாவுக்கு ஒரு மாதமாகத் தலை சுற்றிக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். ஒவ்வொரு பதிலும் கேட்ட அன்றைக்குச் சரியாகத் தோன்றியது. மறுநாள் இன்னொருவர் வாயைத் திறந்ததும் அதுவே முட்டாள்தனமாகத் தெரிந்தது.

அந்தமானில், போர்ட் பிளேரின் டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் அவள் வீடு. கணவன் நௌஷாத் அபர்தீன் பஜாரில் மீன்வலையும் கயிறும் விற்கிறவன். கடையில் விலைபோகாத பழைய வலைகளையும் இரண்டு பஞ்சு மெத்தைகளையும் பின்னறைச் சுவரில் அறைந்து, ஜன்னலை அடைத்து, ஹுஸ்னா அதை ஒலிப்பதிவு அறை ஆக்கியிருந்தாள். கல்யாண வீடியோவுக்குப் பின்னணி இசை, பள்ளி ஆண்டுவிழாப் பாட்டு, கொசு ஒழிப்புப் பிரசார ஆட்டோவுக்கு ஒரு நிமிடப் பாட்டு என்று வேலைகள் வரும். அந்தக் கொசுப் பாட்டைப் பாட வந்தவள்தான் ஜெயராணி. அவளைப் பெற்றவர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறியவர்கள். கல்யாணமாகிப் பக்கத்துப் புரோத்ராபூருக்கு வந்தவள், மத்தியானத்துக்கு மேல் ஒரு தனியார் படகுக் கம்பெனியின் டிக்கெட் கவுண்டரில் உட்காருகிறாள். ஹுஸ்னாவைவிட ஏழெட்டு வயது மூத்தவள். பாட வந்தவள், பாடி முடித்ததும் போகாமல், "இந்த மேளச் சத்தம் ஏன் தகர டப்பா மாதிரி இருக்குது?" என்று கேட்டாள். அன்றிலிருந்து இருவரும் கூட்டு.

கூட்டு என்றாலும் கருவி வேறு வேறு. ஹுஸ்னாவுக்கு விண்டோஸ். அவள் வாங்கி வைத்திருந்த வயலின் கூட்டங்களும் புல்லாங்குழல்களும் அதில் மட்டும்தான் ஓடும். ஜெயராணி லினக்ஸில் பழகியவள். யாரோ நடத்திய இலவசப் பயிற்சி முகாமில் கற்றுக்கொண்டு, கை அதிலேயே ஊறிவிட்டது. ஆளுக்கொரு கம்ப்யூட்டர் இருந்தவரை தொல்லை இல்லை. ஒரே மழைக்காலத்தில் இரண்டும் போயின. ஜெயராணியின் லேப்டாப்பை உப்புக்காற்று அரித்துத் தின்றது. ஹுஸ்னாவுடையதை இடி கொண்டுபோனது. சரியாக அந்த நேரத்தில்தான் கொல்கத்தாவிலிருந்து ஓர் ஆவணப்பட இயக்குநர் கூப்பிட்டார். வட அந்தமானில் திக்லிபூர்ப் பக்கம் கரையேறி முட்டையிடும் ஆமைகளைப் பற்றிய படம். இசை முழுவதும் நீங்கள் இருவரும் செய்யுங்கள் என்றார்.

வாழ்க்கையில் அப்படி ஒரு வேலை அவர்களுக்கு வந்ததில்லை. புதிதாக ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் சாத்தியம்.

"ஒண்ணுலயே ரெண்டு சிஸ்டம் போட்டுக்கலாம் அக்கா. ஆன் பண்றப்ப எது வேணும்னு அதுவே கேக்கும். நீங்க வந்தா உங்க லினக்ஸ், நான் வந்தா என் விண்டோஸ்" என்றாள் ஹுஸ்னா.

"ஒரே வீட்ல ரெண்டு அடுப்பு" என்றாள் ஜெயராணி. "பரவால்ல. சண்டை வராம இருந்தா சரி."

பெட்டி, மதர்போர்டு, மெமரி எல்லாம் எளிதாக முடிவாயின. டிரைவில் வந்து நின்றது வண்டி.

பஜாரில் கம்ப்யூட்டர்க் கடை வைத்திருக்கும் முருகானந்தத்திடம் போனார்கள். அவர் மூன்று பொருள்களைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். ஒன்று கனமான ஹார்ட் டிஸ்க். இன்னொன்று சீட்டுக்கட்டு அளவில் எஸ்எஸ்டி. மூன்றாவது சூயிங்கம் பட்டை மாதிரி மெல்லிசாக ஒரு பச்சைத் தகடு.

"இது எம்.2. ரொம்ப ஃபாஸ்ட்" என்றார்.

பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு பட்டை இருந்தது. ஹுஸ்னா அதைக் கையில் எடுத்தாள். "இதுவும் எம்.2 தானேண்ணே?"

"ஆமா. ஆனா அது ஸ்லோ."

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே?"

"உருவம் ஒண்ணுதான் மேடம். உள்ள வேற. எம்.2ங்கறது உருவத்தோட பேரு. வேகத்தோட பேரு என்விஎம்இ. அது பழைய சாட்டா."

"அப்ப இந்தச் சீட்டுக்கட்டு?"

"அதுவும் சாட்டா. உருவம் வேற, உள்ள ஒண்ணு."

ஜெயராணி ஹுஸ்னாவைப் பார்த்தாள். ஹுஸ்னா இரண்டு பட்டைகளையும் பார்த்தாள். ஒன்றுபோல் இருப்பவை வேறு, வேறாக இருப்பவை ஒன்று என்பது வரைக்கும் புரிந்தது. அதற்கு மேல் கேட்க வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து சென்னையில் இருக்கும் தம்பி ஃபைசானுக்கு வீடியோ கால் போட்டாள். அவன் ஐடி கம்பெனிக்காரன்.

"லாத்தா, ஏன் இவ்வளவு குழப்பிக்கிறே? பெருசா ஒரே என்விஎம்இ வாங்கு. அதையே ரெண்டா பிரிச்சு ரெண்டு சிஸ்டத்தையும் போடு. கதை முடிஞ்சுது."

அது பிடித்திருந்தது. மறுநாள் முருகானந்தத்திடம் சொன்னாள். அவர் தலையை ஆட்டிய விதத்திலேயே அது கூடாது என்று தெரிந்தது. "விண்டோஸ் அப்டேட் ஒண்ணு வந்துச்சுன்னா லினக்ஸ் கிளம்புற வழியை மறிச்சுக்கும் மேடம். பக்கத்து வீட்டுக்காரன் வேலி நகர்த்துற மாதிரி. தனித்தனி டிரைவ்ல போடுங்க. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு பிழைக்கும்."

இணையத்தில் தேடினால் முகம் தெரியாத ஆட்கள் அடித்துக்கொண்டார்கள். இசைக்கருவிகளின் ஒலிகளைத் தனி டிரைவில் வைக்காதவன் மடையன் என்றான் ஒருவன். வைக்கிறவன்தான் மடையன், இந்தக் காலத்து வேகத்துக்கு அதெல்லாம் தேவையில்லை என்றான் இன்னொருவன். பதிவு செய்யும் பாட்டை ஹார்ட் டிஸ்க்கில் வைத்தால் போதும் என்றவனை நான்கு பேர் திட்டியிருந்தார்கள். அந்தச் சண்டை நடந்து பத்து வருடம் ஆகியிருந்ததை ஹுஸ்னா கடைசியில்தான் கவனித்தாள்.

ராத்திரிச் சாப்பாட்டில் நௌஷாத் கேட்டான், "என்ன முடிவு பண்ணினே?"

"தெரியலங்க. ஒண்ணா, நாலான்னு."

"கயிறு வாங்க வர்றவங்ககிட்ட நான் கேக்குறது ஒண்ணுதான். எதைக் கட்டப்போறீங்க? அதைச் சொன்னா கயிறு தானா முடிவாகும்."

எதைக் கட்டப்போகிறோம் என்று யோசித்ததில் உண்மையிலேயே கொஞ்சம் வெளிச்சம் வந்தது. சிஸ்டம் இரண்டு. இரண்டுக்கும் சின்னதாகத் தனித்தனி எஸ்எஸ்டி. ஹுஸ்னாவின் வயலின்கள் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான துணுக்குகளை எடுத்துப் போடுபவை. அவற்றுக்கு வேகமான என்விஎம்இ. பழைய வேலைகளைப் பத்திரப்படுத்த ஹார்ட் டிஸ்க். நடந்துகொண்டிருக்கும் பாட்டுக்கு, இருவரும் எட்டிப் பார்க்கிற மாதிரி, நடுவில் ஒரு பொது டிரைவ்.

அந்தப் பொது டிரைவில் மறுபடி சிக்கல். ஒவ்வொரு சிஸ்டமும் டிரைவில் தன் பாணியில்தான் எழுதும்.

"உன் விண்டோஸ் பாஷையில எழுதினா என் லினக்ஸ் திக்கித் திக்கிப் படிக்கும். என் பாஷையில எழுதினா உன்னுது படிக்கவே படிக்காது. அப்ப யார் பாஷை?" என்றாள் ஜெயராணி.

ஃபைசான்தான் வழி சொன்னான். "எக்ஸ்ஃபாட்னு ஒண்ணு இருக்கு. ரெண்டுக்கும் பொது. உங்க ஊர்ல ஹிந்தி மாதிரின்னு வெச்சுக்கங்களேன். யாருக்கும் சொந்தமில்ல, எல்லாருக்கும் புரியும்."

"டீக் ஹை" என்றாள் ஜெயராணி. விஷயம் முடிந்தது.

முருகானந்தம் கேட்ட அளவில் எல்லாம் கைவசம் இல்லை. சென்னைக் கப்பல் வரும் என்றார். கப்பல் வந்தது. அதில் வந்தவை வேறு அளவு. இருப்பதை வைத்துக் கணக்கை மறுபடி மாற்றினார்கள். ஒருவழியாக எல்லாம் பெட்டிக்குள் ஏறிய அன்று ஹார்ட் டிஸ்க்கைக் காணவில்லை. கண்ணெதிரே பெட்டிக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் மட்டும் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சாதித்தது. முருகானந்தம் அரை நாள் கேபிளை மாற்றி மாற்றிப் போட்டுவிட்டு, மதர்போர்டின் கையேட்டைப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டார். இரண்டாவது எம்.2 பட்டையைச் செருகினால் கடைசி சாட்டா வாசல் தானாக மூடிக்கொள்ளுமாம். கேபிளை வேறொரு வாசலில் மாட்டியதும் ஹார்ட் டிஸ்க் வந்தது.

"கண்ணு முன்னாடி இருக்கிற பொருளை இல்லேங்குது. நல்ல மிஷினு" என்றாள் ஜெயராணி.

அப்போது அது சிரிப்பாக இருந்தது.

இருவரும் திக்லிபூருக்குப் பஸ்ஸில் போய்வந்தார்கள். விடியற்காலையில் கடற்கரை மணலில் மைக்கைப் புதைத்து அலையின் அடிச்சத்தத்தைப் பிடித்தார்கள். பாக்குத் தோப்புக்குள் காற்று நுழைவதைப் பிடித்தார்கள். ஊர் திரும்பியதும் வேலை தொடங்கியது. ஜெயராணி காலையில் வந்து லினக்ஸில் வேலை பார்ப்பாள். மத்தியானம் கவுண்டருக்குப் போய்விடுவாள். அவள் போன பிறகு ஹுஸ்னா விண்டோஸில் உட்காருவாள், சாயங்காலம் நிறுத்திவிட்டு எழுந்துவிடுவாள். வெள்ளிக்கிழமை மட்டும் மாறும். அன்று ஜெயராணிக்கு விடுமுறை என்பதால் அவள் மத்தியானத்துக்கு மேல் வருவாள், ஹுஸ்னா காலையிலேயே முடித்துக்கொள்வாள்.

முதல் மனத்தாங்கல் வேலை தொடங்கிய அன்றே வந்தது. ஆமை கடலுக்குத் திரும்பும் காட்சிக்கு ஜெயராணி வார்த்தை இல்லாமல் ஒரு முனகல் பாடினாள். தொண்டையின் அடியிலிருந்து வரும், மேலே ஏறாத, ஏறப் பார்த்து இறங்கிவிடும் ஒரு குரல். ஹுஸ்னா கண்ணை மூடிக் கேட்டாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இடத்தில் மனிதக் குரல் எதற்கு என்று தோன்றியது.

"அக்கா, அலை மட்டும் போதாதா? குரல் வந்தா ஆமையை விட்டுட்டு நம்மைக் கேக்க ஆரம்பிச்சுடுவாங்க."

ஜெயராணி ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "நாளைக்கு வேற மாதிரி பாடிப் பாக்குறேன்" என்றாள். அவ்வளவுதான். கவுண்டருக்கு நேரமாகிவிட்டது.

மறுநாள் மத்தியானம் ஹுஸ்னா விண்டோஸைத் திறந்தாள். பொது டிரைவில் ஜெயராணியின் போல்டரில் புதிய பதிவு எதுவும் இல்லை. அக்கா காலையில் வந்து உட்கார்ந்திருந்தது அவளுக்குத் தெரியும். டீ கொடுத்தவளே அவள்தான். பாடிப் பார்த்துவிட்டு, சரிவராது என்று தானே அழித்துவிட்டாள் போலிருக்கிறது. தான் சொன்னதை அக்கா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் ஏற்றுக்கொண்டாள் என்று நினைத்தபோது ஹுஸ்னாவுக்கு மனசு இளகிவிட்டது. சந்தோஷமாகவும் இருந்தது. அடுத்த நாள் சூரை மீனில் ஆணம், அதாவது குழம்பு, வைத்து ஜெயராணிக்கென்று தனியாக ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள்.

"எதுக்கு இது?" என்றாள் ஜெயராணி.

"சும்மாதான் அக்கா. நீங்க பண்ணினதுக்கு."

ஜெயராணி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். டப்பாவை வாங்கிக்கொண்டாள். சிரிக்கவில்லை.

அடுத்தடுத்த நாள்களிலும் அப்படித்தான் நடந்தது. ஜெயராணி முன்னைவிடச் சீக்கிரம் வந்தாள், கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் உள்ளே இருந்தாள், பேச்சில்லாமல் போனாள். மத்தியானம் போல்டர் காலி. இவ்வளவு நேரம் என்னதான் செய்கிறாள் என்று ஹுஸ்னாவுக்கு விளங்கவில்லை. கேட்டால் புண்படுத்தியது போல் ஆகுமோ என்று கேட்கவும் இல்லை. மீன் ஆணம் மட்டும் இரண்டாவது தடவையும் போனது.

சனிக்கிழமை ஜெயராணி வரவில்லை. போல்டரைத் திறந்த ஹுஸ்னா திடுக்கிட்டாள். முனகல் இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் பதிவானது. விட்டுக்கொடுத்தவள் மறுபடி ஏன் பாடி வைத்திருக்கிறாள்? ஹுஸ்னா அதைக் கேட்டாள். இந்தத் தடவை குரலில் ஒரு கோபம் இருந்தது. மேலே ஏறிவிட்டு இறங்காமல் அங்கேயே நின்றது. இதை எடுத்துச் சேர்ப்பதா, விடுவதா என்று முடிவுசெய்ய முடியாமல் இருந்த இடத்திலேயே விட்டாள். திங்களன்று மறுபடி புதிதாக எதுவும் இல்லை.

வெடித்தது அந்த வாரம்தான். ஹுஸ்னா டீயோடு உள்ளே போனபோது ஜெயராணி திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கை மவுஸில் இல்லை, மடியில் இருந்தது.

"ஹுஸ்னா, ஒண்ணு கேக்குறேன். அழிக்கணும்னா என்கிட்டச் சொல்லிட்டு அழிக்க மாட்டியா?"

"எதை அக்கா?"

"நான் தெனம் வந்து தொண்டை கிழியப் பாடி வெக்கிறேன். மறுநாள் வந்தா காயப், ஒண்ணுமே இல்ல. ஒரு நாள் இல்ல, தெனம். புடிக்கலேன்னா புடிக்கலேன்னு சொல்லு. அழிச்சிட்டு மீனு வேற குடுக்குற. என்னா நெனச்சிக்கிட்டிருக்க நீ? நான் என்னா பூனையா?"

ஹுஸ்னா டீயை மேசைமேல் வைத்தாள். "அல்லாஹ்! நான் எதுக்கு அழிக்கிறேன்? நீங்கதானே அழிச்சீங்க? எனக்காக அழிச்சீங்கன்னுதானே நான் ஆணம் வெச்சுக் கொடுத்தேன்!"

"நான் பாடினதை நானே எதுக்குடி அழிக்கிறேன்?"

நம்புவதா வேண்டாமா என்று இருவருக்கும் தெரியவில்லை. ஹுஸ்னாவுக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. இத்தனை வருடப் பழக்கத்தில் இப்படியா நினைப்பாள்? அதே நேரத்தில் இன்னொரு எண்ணமும் ஓடியது: அக்கா உண்மையிலேயே அழிக்கவில்லை என்றால், என் வீட்டில், என் அறையில், என்னைத் தவிர வேறு யார்?

"டிரைவ் கெட்டுப்போச்சு. அதான் அக்கா, வேற என்ன?" என்றாள்.

பழி போட மூன்றாவதாக ஒன்று கிடைத்ததில் இருவருக்கும் ஆறுதலாக இருந்தது. டிரைவைக் கழற்றி முருகானந்தத்திடம் கொண்டுபோனார்கள். அவர் ஒரு நாள் வைத்துச் சோதித்துவிட்டு, "தங்கம் மாதிரி இருக்கு மேடம், ஒரு கீறல் இல்லை" என்றார். ஆனாலும் திருப்திக்காக வேறொன்றைக் கொடுத்தார். ஃபைசானைக் கேட்டு அதையும் அதே எக்ஸ்ஃபாட் முறையில் தயார்செய்து மாட்டினார்கள். ஜெயராணி காலையில் பாடி வைத்தாள். மத்தியானம் இல்லை.

ஹுஸ்னா தம்பிக்குக் கூப்பிட்டாள். வைரஸாக இருக்கும் என்றான். வைரஸ் பிடிக்கும் மென்பொருளை ஓடவிட்டாள். ஒன்றும் அகப்படவில்லை. கரண்ட் ஏற்ற இறக்கமாக இருக்கும் என்றான் நௌஷாத். யூபிஎஸ் இருக்கிறதே என்றாள். அப்படியானால் தனக்குத் தெரியாது என்று அவன் கடைக்குப் போய்விட்டான். புது டிரைவ், நல்ல டிரைவ், வைரஸ் இல்லை, கரண்ட் குறையில்லை. ஒவ்வொன்றாகக் கழிந்து கடைசியில் மிச்சம் இருந்தது மறுபடியும் அவர்கள் இரண்டு பேர்தான். அதை இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஜெயராணி தான் பாடியதை ஒரு பென்டிரைவிலும் ஏற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போக ஆரம்பித்தாள். கைப்பையின் ஜிப் மூடும் சத்தம் ஹுஸ்னாவைக் குத்தியது.

கொல்கத்தாக்காரர் கேட்கத் தொடங்கிவிட்டார். ஜெயராணி கவுண்டரில் ஒரு நாள் லீவு சொன்னாள்.

"இன்னிக்கி பூரா ரெண்டு பேரும் சேந்தே உக்காருவோம். நீ பண்றதை நான் பாக்குறேன். நான் பண்றதை நீ பாரு."

போலீஸ் விசாரணை மாதிரி ஆரம்பித்தது. முதலில் ஹுஸ்னா விண்டோஸைத் திறந்து டிரைவைக் காட்டிவிட்டு ரீஸ்டார்ட் கொடுத்தாள். ஜெயராணி லினக்ஸில் "ஒன்று" என்று பெயரிட்டு ஒரு ஃபைலை பொது டிரைவில் வைத்தாள். ரீஸ்டார்ட் கொடுத்தாள். விண்டோஸ் திறந்தது. "ஒன்று" இருந்தது. ஹுஸ்னா "இரண்டு" என்று ஒன்றை வைத்து ரீஸ்டார்ட் கொடுத்தாள். லினக்ஸில் இரண்டும் இருந்தன. மூன்று, நான்கு என்று ஒன்பது வரை போயிற்று. எதுவும் தொலையவில்லை. சேர்ந்து உட்கார்ந்தால் எல்லாம் ஒழுங்காக இருந்தது. தனித்தனியாக உட்கார்ந்தால்தான் திருட்டு.

"இது என்ன பேய் பிசாசா?" என்றாள் ஹுஸ்னா. அவளுக்குப் பயமாகவே இருந்தது. இந்தக் கணக்கில் குற்றவாளி அவளாகத்தான் இருக்க முடியும் என்று அவளுக்கே தோன்றத் தொடங்கியிருந்தது. தெரியாமல் எதையோ அழுத்துகிறேனா? தன் கையையே அவள் சந்தேகத்தோடு பார்த்தாள்.

ஜெயராணி மெத்தைச் சுவரில் சாய்ந்து யோசித்தாள். "அந்த வெள்ளிக்கெழமை பாட்டு மட்டும் ஏன் தப்பிச்சுது?"

"அன்னிக்கு நான் காலையிலேயே முடிச்சுட்டேன். ஜும்மாவுக்குப் போயிட்டு அவர் சாப்பிட வந்துடுவாரேன்னு அப்படியே போட்டுட்டு எழுந்துட்டேன். நீங்க வந்தப்போ கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு."

"ஆமா. நான்தான் ரீஸ்டார்ட் குடுத்து என் பக்கம் போனேன்." ஜெயராணி நிமிர்ந்தாள். "மத்த நாள்ல நீ எப்பிடி எந்திரிப்ப?"

"ஷட்டவுன் கொடுத்துட்டு எழுந்துடுவேன்."

"இன்னிக்கி இம்புட்டு நேரமா நீ ஷட்டவுன் குடுக்கவே இல்லியே."

ஹுஸ்னா விண்டோஸுக்குள் போய், தினமும் செய்வதுபோல் ஷட்டவுன் கொடுத்தாள். விளக்குகள் அணைந்தன, விசிறி நின்றது. ஜெயராணி மறுபடி ஆன் செய்து லினக்ஸுக்குள் போனாள். "பத்து" என்று ஒரு ஃபைலை வைத்தாள். இருக்கிறதா என்று இருவரும் கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். நிறுத்திவிட்டு, விண்டோஸ். பத்து இல்லை. ஹுஸ்னா ஏதோ ஒன்றை அங்கே சேமித்தாள். திரும்ப லினக்ஸ். அங்கும் பத்து இல்லை.

அழிப்பதற்கு யாரும் கையை அசைக்கவில்லை. இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போயிருந்தது.

ஜெயராணி ஹுஸ்னாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அரே பாப்ரே!" என்றாள்.

இப்போது என்ன தேடுவது என்று தெரிந்துவிட்டது. ஷட்டவுன், இரண்டு சிஸ்டம், காணாமல் போகும் ஃபைல் என்று இணையத்தில் போட்டதும் பதில் வந்து விழுந்தது. வேறு எத்தனையோ பேர் இதே மாதிரி இழந்து புலம்பியிருந்தார்கள். விண்டோஸில் வேகமாகத் திறப்பதற்கென்று ஓர் ஏற்பாடு உண்டு. ஷட்டவுன் கொடுத்தால் அது முழுக்க அணைவதில்லை. டிரைவில் என்ன இருந்தது என்ற நினைவோடு பாதித் தூக்கத்தில் படுத்துக்கொள்கிறது. இடையில் லினக்ஸ் வந்து எழுதியது எதுவும் அதற்குத் தெரியாது. மறுபடி எழும்போது பழைய நினைவை வைத்துக்கொண்டு, தான் கடைசியாகப் பார்த்ததுதான் உலகம் என்று அதன்மேலேயே எழுதிவிடுகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும் முழுசாக அணைந்து முழுசாக எழுகிறது. தடுப்பதற்கு ஒரே ஒரு டிக் குறியை எடுத்தால் போதும்.

ஹுஸ்னா அந்தக் குறியை எடுத்தாள். மறுபடி சோதித்தார்கள். பதினொன்று பிழைத்துவிட்டது.

ஒரு மாதமாக எத்தனை டிரைவ், எந்த டிரைவ், எந்த அளவு என்று ஊரெல்லாம் கேட்டு வாங்கியாயிற்று. இந்த ஒரு டிக் குறியை ஒருவரும் சொல்லவில்லை. யாரைக் குறைசொல்வது? கேட்கவே இல்லையே என்று முருகானந்தம் சொல்வார். அதுவும் நியாயம்தான்.

கண்டுபிடித்த சந்தோஷம் சீக்கிரம் அடங்கியது.

"அக்கா, நீங்க என்னை அப்படி நெனச்சீங்களே" என்றாள் ஹுஸ்னா.

"நெனச்சேன்" என்றாள் ஜெயராணி. மறைக்கவில்லை. "நீயும் நான் ஒதுங்கிட்டேன்னு நெனச்சி சந்தோசப்பட்டியே."

மீன் ஆணத்தை எப்படி மறுப்பது? "பட்டேன்" என்றாள் ஹுஸ்னா.

"அப்ப அந்தக் கொரலு உனக்கு நெசமாவே வேணாம்."

"வேணாம்னு இல்ல அக்கா. எனக்குத் தெரியல. முதல்ல நீங்க மெதுவாப் பாடினப்ப வேணாம்னு தோணுச்சு. வெள்ளிக்கிழமை கோவமாப் பாடினதைக் கேட்டப்போ எடுக்கவும் மனசு வரல, சேக்கவும் மனசு வரல. எது சரின்னு இப்பவும் தெரியல."

அன்று அவர்கள் போட்ட சண்டையைப் போல அதற்கு முன் போட்டதில்லை. ஒவ்வொரு காட்சியாக ஓடவிட்டுச் சண்டை போட்டார்கள். குரலை வைத்துக் கேட்டார்கள், எடுத்துக் கேட்டார்கள். நௌஷாத் கடை மூடி வந்து கதவைத் தட்டி, "சண்டையா, வேலையா?" என்று கேட்டான். இரண்டும் என்றாள் ஜெயராணி. ஒதுக்கமுடியாத இடமென்று அவள் பிடிவாதம் பிடித்த இடத்தில் ஹுஸ்னா விட்டுக்கொடுத்தாள். மற்ற இடங்களில் ஜெயராணி கசப்போடு கையை எடுத்துக்கொண்டாள். பென்டிரைவில் தப்பித்தவற்றிலிருந்து எதையும் அவள் எடுக்கச் சம்மதிக்கவில்லை. புதிதாகப் பாடினாள். அது முதல் நாள் முனகலும் இல்லை, வெள்ளிக்கிழமைக் கோபமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கோ நின்றது. தொலைந்துபோன அந்த முதல் குரல் இதைவிட நன்றாக இருந்ததா என்று ஹுஸ்னா நினைவுபடுத்திப் பார்த்தாள். முடியவில்லை. வேண்டாம் என்று நினைத்தபடியே கேட்டதால் அதைச் சரியாகக் கேட்கவே இல்லையோ என்று தோன்றியது.

இசையைக் கொல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். இயக்குநர் இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றார். கடைசியில் வருவது குரலா, இல்லை பாக்குத் தோப்புக் காற்றா என்று கேட்டார்.

"குரல்தான்" என்றாள் ஹுஸ்னா ஹிந்தியில். பக்கத்தில் இருந்த ஜெயராணி, அவர் அதைப் பாராட்டாகக் கேட்டாரா, குறையாகக் கேட்டாரா என்று சைகையில் விசாரித்தாள். ஹுஸ்னா தெரியவில்லை என்று உதட்டைப் பிதுக்கினாள். அவர் அதற்குள் வேறு விஷயத்துக்குப் போய்விட்டார்.

ஃபைசான் போனில், நடந்ததெல்லாம் போதும், அந்தப் பொது டிரைவைத் தூக்கிவிட்டு ஆளுக்கொரு டிரைவ் வைத்துக்கொள்ளுங்கள் என்றான். முருகானந்தம், இனிமேல் ஒன்றும் ஆகாது, இருக்கட்டும் என்றார். இருவர் சொல்வதும் சரியாகத்தான் இருந்தது.

"என்ன அக்கா பண்றது?" என்று ஹுஸ்னா கேட்டாள்.

ஜெயராணி கவுண்டருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "எனக்கென்னா தெரியும்? நாளைக்கி வந்து பேசுவோம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாக இறங்கிப் போனாள்.